அப்பாவின் கருஞ்சீரக எண்ணெய்

சென்ற ஆடி மாதம் அப்பா ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியுடன் வீட்டுக்கு வந்தார். அது செக்கில் ஆட்டிய கருஞ்சீரக எண்ணெய். வெறும் வயிற்றில் தினமும் ஒரு தேக்கரண்டி குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது என்றேன். "அவர் வாயால்தானே சொன்னார்" என்றார் அப்பா.

கருஞ்சீரகத்தை நான் வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குபவன் அல்லன். அதிலுள்ள தைமோகுயினோன் என்னும் பொருளைப் பற்றி ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. 2010இல் வெளியான சவூதி ஆய்வு ஒன்றில், வழக்கமான மாத்திரைகளுடன் நாளுக்கு 2 கிராம் கருஞ்சீரகம் உட்கொண்டவர்களுக்கு 12 வாரங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் குறைந்தன. ஆனால் அவர்கள் உண்டது எண்ணெயை அன்று, விதையை. ஆய்வில் இருந்தவர்களோ நூறு பேருக்கும் குறைவு. அவர்கள் மாத்திரையை விடவில்லை என்பதைத்தான் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் நடந்ததோ வேறு. அந்த எண்ணெயின் கசப்பும் காரமும் தொண்டையைப் பிடிப்பதால், அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அம்மா பார்க்காத நேரத்தில் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வார். மருந்தாகவே இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான்; ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 40 கலோரி. இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயில் அவர் ஒரு சொட்டும் குறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் எண்ணெயையும் கிளிமிபிரைடு மாத்திரையையும் விழுங்கியவர், வயிறு மந்தமாக இருக்கிறதென்று சிற்றுண்டியைத் தள்ளிப்போட்டார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். சற்று நேரத்தில் வியர்த்து, கை நடுங்கியது. குளுக்கோமீட்டர் 58 காட்டியது; சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டிருந்தது. அம்மா ஓடிப்போய் எடுத்து வந்தது அதே வெல்ல டப்பாவைத்தான்.

எண்ணெயும் அதில் பங்கு வகித்ததா என்பதைப் பிரித்தறிய வழியில்லை என்றார் மருத்துவர். மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரைகூட ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளைத் தொடர்ந்து வந்ததுதான். ஆனால் அதற்கு அளவு வகுத்திருக்கிறார்கள், குப்பிக்கு அது இல்லை என்பது அவர் சொன்ன விளக்கம்.

இப்போது அரைத் தேக்கரண்டி எண்ணெய் மதியத் துவையலில் கலக்கப்படுகிறது. அதற்கு ஈடாகத் தாளிக்கும் எண்ணெயை அம்மா குறைத்துவிட்டார். சூடுபட்டால் தைமோகுயினோன் ஆவியாகிவிடும் என்பதால் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. வெளியே கிளம்பும்போது அப்பாவின் சட்டைப் பையில் இரண்டு துண்டு வெல்லம், அம்மாவின் சம்மதத்துடனேயே, காகிதத்தில் சுற்றப்பட்டிருக்கிறது.