பட்டது, பதியவில்லை

சென்ற ஜனவரியில், மெட்ரோ நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிர்ச்சாரிக் கட்டடமே தெரியாத அளவுக்கு மூடுபனி கவிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கு தில்லியில் ஓர் உள்ளரங்கில் என் மகள், கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில், தன் மூன்றாவது போட்டியில் தோற்றாள். பதின்மூன்று வயதுப் பெண் ஒரு போட்டியில் தோற்பது எழுதத்தக்க செய்தியன்று. ஆனால் அவள் தோற்ற விதம் எனக்குப் பல நாள் புரியவில்லை. புரிந்துகொள்ள முயன்றதில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் சுற்று முடியும் தறுவாயில் அவள் பின்காலைச் சுழற்றி அடித்த உதை எதிராளியின் மார்புக்கவசத்தில் விழுந்த ஓசை, மேல்வரிசையில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அந்தப் பெண் ஓரடி பின்வாங்கவும் செய்தாள். புள்ளிப்பலகையோ அசையவில்லை. சற்றைக்கெல்லாம் எதிராளி முன்காலை மடித்துத் தூக்கி, பாதி திறந்திருக்கும் கதவைத் தள்ளுவதுபோல் மெல்ல நீட்டினாள். இரண்டு புள்ளிகள் விழுந்தன. வெளியே வந்த மகள் தலைக்கவசத்தைக் கழற்றியபடி, "பட்டுதுப்பா, ஆனா பதியல" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

அவளுடைய பயிற்சியாளர் மணிப்பூர்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் விளக்கியது இதுதான். போட்டியில் அணியும் மார்புக்கவசத்துக்குள் உணரிகள் இருக்கின்றன. பாதத்தில் மாட்டும் உறையிலும் அவற்றுக்குப் பொருந்தும் உணரிகளோ காந்தங்களோ இருக்கின்றன. உறையில் அவை உள்ள பகுதி கவசத்தைத் தொட வேண்டும். தொடுகின்ற விசை அந்த எடைப்பிரிவுக்கு வகுத்த அளவைத் தாண்டவும் வேண்டும். இரண்டும் கூடினால்தான் புள்ளி. என் மகளின் உதையில் விசை தேவைக்கு மேலேயே இருந்தது; ஆனால் பட்டது பாதத்தின் மேற்புறம் அன்று, கணுக்காலுக்கு மேலே கணைக்காலெலும்பு. கருவியைப் பொறுத்தவரை அப்படி ஓர் உதை நிகழவே இல்லை.

கருவி வருவதற்கு முன் நிலைமை வேறு. ஆடுகளத்தின் மூலைகளில் அமர்ந்திருக்கும் நடுவர்கள் கையிலுள்ள பொத்தானை அழுத்துவார்கள். பெரும்பான்மையினர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்தினால் புள்ளி. எதிராளியின் உடல் கண்ணுக்குத் தெரியும்படி அதிர்ந்து நிலை பெயர்ந்தால்தான் அது அடி. ஆகவே ஓசை முக்கியமாக இருந்தது. உதையோடு சேர்த்து எழுப்பும் 'கிஹாப்' என்னும் முழக்கமும் முக்கியமாக இருந்தது. அந்தக் காலத்தில் என் மகளுக்கு ஒருவேளை புள்ளி கிடைத்திருக்கும். இப்படி எண்ணி ஒரு வாரம் நான் கருவியைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் கதையைப் படித்தேன். பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன், அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற சீனாவின் சென் சோங்கின் தலையில் கடைசி நொடிகளில் உதைத்தார். அரங்கமே பார்த்தது, நடுவர்கள் பார்க்கவில்லை. சென் வென்றதாக அறிவித்தார்கள். முறையீட்டுக்குப் பின் காணொளியைப் பார்த்து முடிவை மாற்றினார்கள். ஸ்டீவன்சன் பிறகு வெண்கலம் வென்றார். அதே நாளில்தான், 2000 சிட்னியில் தங்கம் வாங்கிய கியூபாவின் ஆங்கெல் மாட்டோஸ், காயத்துக்கான ஒரு நிமிட அவகாசத்தைக் கடந்தார் என்று தகுதி நீக்கப்பட்டதும் நடுவரின் முகத்திலேயே உதைத்து, வாழ்நாள் தடை பெற்றார். 1988இலும் 1992இலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000இல்தான் முழு உரிமையோடு ஒலிம்பிக்குக்குள் நுழைந்த ஒரு விளையாட்டுக்கு இது எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2012 லண்டனில் மின்னணு மார்புக்கவசம் வந்தது. பயிற்சியாளர் அட்டையை உயர்த்திக் காணொளி மறுஆய்வு கேட்கும் உரிமையும் இருந்தது. தலைக்கவசத்துக்குள்ளும் உணரி வந்தது 2016 ரியோவில்.

லண்டனில் இருந்த எட்டுத் தங்கங்களையும் எட்டு வெவ்வேறு நாடுகள் வென்றன. ரியோவில் ஜோர்டானின் அகமது அபுகோஷ் தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக வாங்கினார். ஐவரி கோஸ்ட்டின் ஷேக் சிசே, இறுதிப் போட்டியின் கடைசி நொடியில் தலைக்குச் சுழன்றடித்த உதையால் தம் நாட்டுக்கு முதல் தங்கம் கொண்டுவந்தார். டோக்கியோவிலோ, இந்தக் கலையின் தாயகமான தென்கொரியா ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பியது. இவை அனைத்தையும் கருவியின் கணக்கில் எழுதிவிட முடியாது; கொரியப் பயிற்சியாளர்கள் உலகெங்கும் பரவியதன் பலனும் இதில் உண்டு. ஆயினும் பெரிய நாட்டுக் கொடியைப் பார்த்துக் கருவி தயங்காது என்பதை மறுக்க முடியவில்லை.

என்றாலும் கருவி தனக்கேற்ற உதையைத் தானே வளர்த்துக்கொண்டது. முன்காலைக் கீழே இறக்காமல் வாளைப்போல் நீட்டிக்கொண்டு இருவரும் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஆடுவதைப் பார்க்கிறவர்கள், கால்களால் ஆடும் வாள்சண்டை என்று கேலி செய்கிறார்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. கட்டிப்பிடித்த நிலையில் காலை வளைத்துப் பாதத்தின் பக்கவாட்டால் எதிராளியின் கவசத்தைத் தட்டுகிற விசித்திர உதைகள் ஒரு காலத்தில் பெருகி, விதி எழுதித் தடுக்கும் அளவுக்குப் போயின. புள்ளிக் கணக்கையும் அதற்காகவே மாற்றிக்கொண்டே வருகிறார்கள். இப்போது மார்பில் குத்துக்கு ஒன்று, உதைக்கு இரண்டு, தலையில் உதைக்கு மூன்று; உடலைத் திருப்பி அடித்தால் மார்புக்கு நான்கு, தலைக்கு ஐந்து. எல்லைக்கோட்டைத் தாண்டினாலோ விழுந்தாலோ 'கம்ஜம்' என்று நடுவர் கூறுவார். எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும்.

இதில் வேடிக்கை, குத்துக்கான அந்த ஒற்றைப் புள்ளியை இன்னமும் மனித நடுவர்களே வழங்குகிறார்கள் என்பது. டே என்றால் கால், குவான் என்றால் முஷ்டி, டோ என்றால் நெறி. பெயரில் சரிபாதியாக நிற்கும் கைக்குப் போட்டியில் கிடைக்கும் மதிப்பு இவ்வளவுதான். அந்தப் பெயரும் பழையதன்று. வகுப்புச் சுவரில் ஈராயிரம் ஆண்டுக் கலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பெயர் சூட்டப்பட்டது 1955இல், சோய் ஹாங் ஹி என்ற ராணுவத் தளபதியின் முயற்சியால். ஜப்பானிய ஆட்சி 1945இல் முடிந்த பின் சியோலில் எழுந்த பயிற்சிக்கூடங்களின் ஆசான்கள் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். கால் வீச்சுக்கு முதலிடம் தந்ததும், தெக்கியோன் என்ற பழைய கொரியக் கால் விளையாட்டை முன்னோடியாகக் கொண்டாடியதும், தமக்கென ஒரு கலையை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவையிலிருந்து பிறந்தவை. எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் "பாப்பா கராத்தேக்குப் போறாளா?" என்று கேட்கும் மாமியை நான் திருத்தாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு அறிந்த பின் என் வருத்தம் கருவியிடமிருந்து விலகி வேறோரிடத்தில் வந்து நின்றது. எங்கள் வகுப்பில் மின்னணுக் கவசம் கிடையாது. பிள்ளைகள் ஆண்டு முழுவதும் சாதாரணக் கவசத்தில், ஓசையைக் கேட்டு உதைக்கிறார்கள்; போட்டி நாளில்தான் உணரி பதித்த உறை முதன்முதலாகக் காலில் ஏறுகிறது. காதால் கற்றுவிட்டுக் கருவியிடம் தேர்வு எழுதுகிறார்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் அருணா தன்வர் களமிறங்கியிருந்தாலும், 2000 முதல் 2024 வரை நடந்த ஒலிம்பிக்குகளில் டேக்வாண்டோவுக்கு இந்தியாவிலிருந்து ஒருவரும் தகுதி பெறவில்லை. காரணங்கள் பல இருக்கும். இந்த இடைவெளியும் அவற்றுள் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

மகளுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. பயிற்சியாளர் இப்போது அவளுடைய சாதாரண உறையில், பாதத்தின் மேற்புறத்தில் மட்டும், சாக்பீஸ் பொடியைப் பூசிவிடுகிறார். உதைத்த பின் எதிராளியின் கவசத்தில் வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் புள்ளி, விழாவிட்டால் இல்லை. நேற்று மாலை இருபது உதைகளில் பதினொன்று தடம் பதித்தன. மீதி ஒன்பதில் இரண்டு, கூடத்தின் மறுகோடியில் இருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தன. அவள் குனிந்து தடத்தைத் தேடினாள். காணாமல், மறுபடி "ஹனா" என்று ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.