மங்கலான விளக்கும் மெதுவான செடிகளும்

செடிகள் வளரும் மீன்தொட்டி ஒன்றை வீட்டில் வைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த விளக்கை வாங்கலாம் என்பதைத்தான். எவ்வளவு மங்கலான விளக்கு போதும் என்று அவர்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்வது இலகுவாக இருக்கும்; காபனீரொட்சைட்டு உருளை, நாள்தோறும் ஊற்றும் உரக்கரைசல், விலையுயர்ந்த வெளி வடிகட்டி ஆகிய எதுவுமில்லாமல் நடத்தப்படும் தொட்டியின் ஆரோக்கியம், ஒளியை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தி வைக்கிறோம் என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில், கூடத்துச் சுவரோரம் நான் வைத்திருக்கும் தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் அதேயளவு உயரமும் கொண்டது. கணக்குப்படி 54 லீற்றர். மண்ணும் கல்லும் போக 45 லீற்றர் அளவில் நீர் நிற்கும். இங்கு நான் எழுதுபவை அந்த அளவுத் தொட்டிக்கும், கொழும்பின் நீருக்கும் வெப்பத்துக்கும் பொருந்துபவை.

காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில், லீற்றர் ஒன்றுக்கு அரை மில்லிகிராமைச் சற்றே தாண்டிய அளவு காபனீரொட்சைட்டுதான் கரைந்திருக்கும். உருளை பொருத்தி வளர்ப்பவர்கள் அதனை 30 மில்லிகிராம் வரை உயர்த்துகிறார்கள். அத்துடன், வாயுக்கள் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதால், இலையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் இருப்பது தீர்ந்துவிட்டால் அடுத்தது வந்துசேர நேரமெடுக்கிறது. இந்த நிலையில் பலமான விளக்கைப் போடுவது, அரிசி இல்லாத வீட்டில் பசியைத் தூண்டும் கஷாயம் கொடுப்பதற்கு ஒப்பானது. செடி காபன் கிடைக்காமல் திணற, மிகக் குறைந்த தேவையோடு வாழத் தெரிந்த பாசி மிஞ்சிய ஒளியைத் தனதாக்கிக்கொள்கிறது. எனவே சாதாரண எல்.ஈ.டி. விளக்கொன்றை நேரக்கணிப்பியில் பொருத்தி, நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு மணித்தியாலம் மட்டும் எரியவிடுகிறேன். அதையும் காலையில் மூன்று மணித்தியாலம், மாலையில் எஞ்சியது என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். நடுவிலுள்ள இருளில் மண்ணிலிருந்தும் மீன்களின் மூச்சிலிருந்தும் காபனீரொட்சைட்டு மறுபடி சேரும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். வேலையிலிருந்து வீடு திரும்பியபின் தொட்டியைப் பார்க்கக் கிடைக்கிறது என்பது நான் சொல்லும் காரணம். கடல் பக்கம் பார்த்த யன்னல் உள்ள வீடுகளில், பிற்பகல் வெயில் கண்ணாடியில் நேரடியாக விழாத இடமாகத் தொட்டியை வைப்பது எந்த விளக்கைத் தெரிவதையும்விட முக்கியமானது.

குறைந்த ஒளியில் வாழும் செடிகளைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உலகெங்கும் தொட்டி வளர்ப்போர் விரும்பி நடும் கிரிப்டோகொரைன் வகைகளில் வென்டியி, பெக்கெட்டியி, வோக்கரி, பார்வா முதலியவை இலங்கைக்கே உரியவை. நமது ஈரவலயத்தின் ஓடைகளில், மரநிழலில், மங்கிய ஒளிக்குப் பழகி வளர்பவை. வெளிநாட்டவர்கள் ஆசையோடு இறக்குமதி செய்யும் இச்செடிகளை நாம் கடையில் ஒரு மூலையில் விட்டுவிட்டு, பலமான ஒளியும் உருளையும் கேட்கும் சிவப்புத் தண்டுச் செடிகளின் பின்னால் போவது எனக்கு விளங்காத விடயம். வென்டியி நடுப்பகுதிக்கும், மிகச் சிறியதும் மிக மெதுவானதுமான பார்வா முன்வரிசைக்கும் ஏற்றவை. இவற்றோடு ஜாவா ஃபேர்ன், அனுபியாஸ் ஆகியவற்றைக் கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடலாம். அவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். நம் குளங்களில் வளரும் கொட்டி இனத்தைச் சேர்ந்த கிறிஸ்பஸ் என்ற அலையிலைச் செடியும் நன்றாக வரும். அதன் கிழங்கு சில காலம் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் இயல்புடையது என்பதை அறிந்திருந்தால், செத்துவிட்டதென்று தூக்கி எறியமாட்டோம்.

கிரிப்டோகொரைனை நட்டவர்கள் கலங்குவது முதல் இரண்டு வாரங்களில்தான். இலையின் ஓரம் முதலில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மை பெறும். பின்னர் பழுப்பாகி, தொட்டால் விரலில் வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். சில நாட்களில் செடி முழுவதும் கரைந்து, தண்டின் குட்டையான அடி மட்டும் மிஞ்சும். நாற்றுப்பண்ணைகள் பலவற்றில் இச்செடிகளை நீருக்கு மேலே ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அக்காற்றுக்கென்று உருவான இலைகளை நீருக்குள் வந்ததும் செடி கைவிடுகிறது. விளக்கையோ இடத்தையோ திடீரென மாற்றினாலும் இதுவே நடக்கும். அந்த அடித்தண்டை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் செடி உயிரோடிருக்கிறது. அழுகிய இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, வேரை அசைக்காமல் விட வேண்டும். பின்பு சுருட்டிய குழல் போன்ற ஓர் இலை நடுவிலிருந்து எழும். அது முந்தையதைவிட ஒடுக்கமாகவும் சற்றுக் கபில நிறமாகவும் இருக்கும். அதுதான் நீருக்குரிய இலை. அதன்பின் அச்செடியை இடம் மாற்றுவதைப் பற்றி நினைக்கவே கூடாது.

அடித்தளத்துக்கு உரமோ கூட்டெருவோ சேராத தோட்டமண் போதும். அதைச் சலித்து, வேர்த்துண்டுகளை அகற்றி, இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பருமனான சரளையை அதேயளவு இட வேண்டும். மிக நுண்ணிய மணலைத் தடிப்பாக மூடினால் கீழேயுள்ள மண்ணுக்கு ஒட்சிசன் எட்டாமல் கூழ்முட்டை நாற்றமுள்ள வாயு உருவாகும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சிப்பித் துகள் கரைந்து நீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். சரளையில் சில துளி வினாகிரி விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. கொழும்பைச் சுற்றியுள்ள சிவந்த மண்ணில் இரும்புச்சத்துக்குக் குறைவில்லை. ஒரு கைப்பிடி அந்த மண்ணைக் கலப்பது வேரில் உண்ணும் கிரிப்டோகொரைனுக்கு உதவும்.

நீரைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். கொழும்பின் குழாய்நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அனைத்தும் மென்னீர், அதாவது சுண்ணம் போன்ற கனியுப்புகள் குறைவாகக் கரைந்த நீர். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லைக் கரைத்து வரும் கிணற்றுநீரில் மீன் வளர்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்: அங்கே கப்பி மீனும் வலிஸ்னேரியா என்ற நாடாயிலைச் செடியும் செழிக்கும், இங்கே கிரிப்டோகொரைனும் சிறு பார்ப் மீன்களும் செழிக்கும். ஊரில் நன்றாக வளர்ந்த ஒன்றை இங்கே கொண்டுவந்து வைத்து, ஏன் வாடுகிறதென்று கேட்கும் உறவினர் எனக்கு உண்டு. மென்னீருக்கும் ஒரு குறையுண்டு. மீன் வெளிவிடும் நச்சான அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் நீரின் காரத்தன்மையைச் சிறிது சிறிதாகச் செலவழிக்கின்றன. களனி நீரில் அந்தக் கையிருப்பு குறைவு என்பதால், நீரை நெடுநாள் மாற்றாத தொட்டியில், அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். நத்தைகளின் ஓடு வெளுத்துக் குழிவிழுவது அதன் முதல் அடையாளம். கிழமைக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி, மெல்லக் கரைந்து அந்தக் கையிருப்பை ஈடுசெய்யும் ஓரிரு சிப்பி ஓடுகளை வடிகட்டிக்குள் போட்டுவைத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

மாற்றும் நீரிலுள்ள குளோரீனைப் போக்க, ஒருநாள் வாளியில் வைத்திருப்பது போதும். அவசரமென்றால் கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலில் சில துளிகள் விடலாம். வாளியை வலைத்துணியால் மூடிவைக்க மறக்கக்கூடாது. 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான பின்னர், திறந்த வாளியைக் காணும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மீன்தொட்டிக் கதை எடுபடாது, எடுபடவும் கூடாது. இன்னொன்று, தொடர்மாடிகளில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து இறங்கும் நீர் பிற்பகல் இரண்டு மணிக்குக் கையில் சுடும். நீர் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்வதே மீன்களுக்கு நல்லது.

வெப்பம்தான் கொழும்புத் தொட்டியின் உண்மையான சவால். சூடாக்கி இங்கே தேவையற்ற பொருள். சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி, மூடிய அறையிலுள்ள தொட்டி 30 பாகையைத் தாண்டிவிடும். 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும் நீர், 30 பாகையில் 7.6 மில்லிகிராம்தான் கொள்ளும். அதேவேளை மீனின் தேவையோ கூடுகிறது. செடி நிறைந்த தொட்டியில் ஒட்சிசனுக்கு என்ன குறை என்று பலர் நினைக்கிறார்கள். பகலில் அது சரி. இரவில் செடியும் மண்ணும் மீனும் சேர்ந்து ஒட்சிசனை உறிஞ்சுவதால், மிகக் குறைந்த அளவு விடியற்காலையில்தான் ஏற்படும். தொட்டியைச் சோதிக்க விரும்புபவர் காலை ஐந்தரை மணிக்கு, விளக்கைப் போடாமல், கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கட்டும்: மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொண்டால், அங்கே மீன் கூடிவிட்டது அல்லது நீர் அசையவில்லை. கோடையில் நான் காற்றுப் பம்பியை இரவில் மட்டும் இயக்குகிறேன்; பகலில் இயக்கினால் கிடைக்கும் சொற்பக் காபனீரொட்சைட்டும் வெளியேறிவிடும். நீர்ப்பரப்புக்கு மேலே ஒரு சிறு மேசை விசிறி ஓரிரு பாகையைக் குறைக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஆவியாகிப்போகும் நீரை ஈடுசெய்யவும் வேண்டும்.

மீன்களைப் பற்றி ஒரே ஒரு கொள்கைதான்: குறைவாக வையுங்கள். இந்த அளவுத் தொட்டிக்கு எட்டு அல்லது பத்து செர்ரி பார்ப் போதும். களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப்படுகைகளின் நிழலோடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் இந்த மீனை 1929 இல் முதலில் விவரித்தவர், பின்னாளில் கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளரான பி.ஈ.பி. தெரணியகல. தன் சொந்த ஆற்றின் நீரில் வளரும் மீன் என்பதால் பிஎச் பற்றிய கவலை இல்லை. பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கினால் காட்டோடைகளுக்கும் நன்மை. புலத் ஹப்பயாவும் அழகான மீன்தான், ஆனால் சற்றுப் பெரியது, இன்னும் நீளமான தொட்டி கேட்கும். குளிர்ந்த நீரை விரும்பும் நியோன் டெட்ராவை நம் வெப்பத்தில் வதைக்காமலிருக்கலாம்.

இந்த முறையில் மீனுணவே செடிக்கு உரம். நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கிழமையில் ஒருநாள் பட்டினி. மீன் வெளிவிடும் அமோனியாவைச் செடிகள் நேரடியாகவே உறிஞ்சுகின்றன, மீதியைப் பற்றீரியாக்கள் கவனித்துக்கொள்ளும். புதிய தொட்டியில் அந்தப் பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும் என்பதால், தொடக்கத்தில் ஹைட்ரில்லா போன்ற வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக இட்டு, மீனைப் பின்னர் விடுவது பாதுகாப்பானது. இதிலும் மென்னீர் நமக்குத் துணை: 30 பாகை வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும், பிஎச் 8 ஆனால் அது நூற்றில் ஏழு பங்கைத் தாண்டும்.

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, வடிகட்டியை நம்பி மீன் நிறைத்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். வெளி வடிகட்டிக்குள் நீர் ஓடாமல் நின்றால் உள்ளேயுள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனின்றி மடிந்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்குள் பாயும். மீன் குறைந்த செடித்தொட்டியில் பகல்வெளிச்சமே ஒட்சிசனைத் தந்துகொண்டிருக்கும். மண்ணிலும் இலையிலும் பரவியிருக்கும் பற்றீரியாக்களுக்குப் பம்பி நின்றது பெரிய விடயமில்லை. எனது தொட்டியில் இருப்பது ஒரு ஸ்பொஞ்ச் வடிகட்டி மட்டுமே.

பாசி வந்தால் முதலில் விளக்கை ஒரு மணித்தியாலம் குறையுங்கள், பிறகு உணவை. மருந்து வாங்க வேண்டாம். மிதக்கும் செடிகள் ஒளியை மறைத்து, மிகையான சத்தையும் உறிஞ்சி இந்த வேலையை நன்றாகச் செய்யும். நீர்ப்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பரவவிடாமல் அள்ளிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அள்ளியதை வெள்ளவத்தைக் கால்வாயிலோ பேர ஏரியிலோ கொட்டுவது குற்றமாகக் கருதப்பட வேண்டியது. ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த 1909 இலேயே தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. சல்வீனியா என்ற மிதக்கும் செடி இன்றும் நம் நீர்நிலைகளை மூடிக்கொண்டிருக்கிறது. தொட்டிக்குப் பெரிதாகிவிட்டதென்று நீர்நிலைகளில் விடப்பட்ட, பாசி மேயும் ‘டாங்க் கிளீனர்’ மீன்கள் இப்போது ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டன. வெட்டிய செடிகளைப் பலகணியில் ஒரு பழைய தட்டில் பரப்பி நன்கு காயவிட்டு, பூச்சாடி மண்ணில் கிளறிவிடுகிறேன். மாற்றிய தொட்டி நீரையும் அதே சாடிகளுக்கே ஊற்றுகிறேன். கறிவேப்பிலைக்கு அது நன்றாக ஒத்துக்கொள்கிறது.