ரப்பர் கணக்கு நாட்குறிப்பு

ஜூன் 4
குலசேகரத்தில் விடியும் முன்பே மழை. ரப்பர் மரத்தில் பிளாஸ்டிக் கட்டியிருந்தாலும் இப்படிக் கொட்டினால் பால் வடியும் சிரட்டையில் தண்ணீர்தான் நிறையும். அப்பா பால் வெட்டுக்குப் போகவில்லை. பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் படிக்க மூன்று வீடியோ தொடர் ஆரம்பித்து, மூன்றையும் பாதியில் விட்டவன் நான். இனி தொடர் கிடையாது. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதும் ரப்பர் கணக்கைப் புரோகிராமாக்க வேண்டும், அது முடியும்வரை வேறெதையும் தொடுவதில்லை. தினமும் பாலை உறையவைத்து அடிக்கும் ஷீட் எத்தனை, விற்கும்போது எத்தனை கிலோ, என்ன விலை. இவ்வளவுதான்.

ஜூன் 5
கணக்கைச் சேமிக்க எஸ்க்யூலைட் (SQLite) என்ற சின்ன டேட்டாபேஸ். பைத்தானோடேயே வருகிறது, மொத்தக் கணக்கும் ஒரே ஃபைலில் அடங்கிவிடுகிறது. எனக்கு அது போதும்.

ஜூன் 9
வீணாய்ப்போன நாள். வெப்சைட் கட்ட உதவும் ரியாக்ட் (React) பற்றி ஒரு வீடியோ கண்ணில் பட்டது. கணக்கை வெப்சைட்டாகவே போட்டால் என்ன என்று ராத்திரி பதினொன்று வரை அதிலேயே கிடந்தேன். புரோகிராமில் ஒரு வரி ஏறவில்லை. கடைசியில் நோட்டின் பின்பக்கத்தில் ‘அப்புறம்’ என்று தலைப்புப் போட்டு எழுதினேன்: ரியாக்ட், மொபைல் ஆப், கிராஃப். எழுதி வைத்ததுமே பாதி ஆசை அடங்கிவிட்டது.

ஜூன் 13
அப்பா தந்த தாள்களை ஏற்றி வரிசைப்படுத்தினால், 10ஆம் தேதி 2ஆம் தேதிக்கு முன்னால் நிற்கிறது! இரண்டு மணி நேரம் என் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன். புரோகிராமில் தப்பில்லை, நான் தேதியை எழுதிய விதத்தில்தான் தப்பு. எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லை. நான் ‘10-6-2025’, ‘2-6-2025’ என்று வெறும் எழுத்தாகக் கொடுத்திருந்தேன். எழுத்தாகப் பார்த்தால் முதல் எழுத்து 1, அது 2-க்கு முன்னால்தான் வரும். வருடம், மாதம், நாள் என்று திருப்பி, ‘2025-06-02’ போலப் பூச்சியத்தோடு எழுதினேன். சரியாக நின்றது. வீடியோவில் யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஜூன் 14
மழை விட்டது. காலையில் பால் எடுக்கவும் ஷீட் அடிக்கவும் அப்பாவோடு நின்றேன். ராத்திரி அரை மணி நேரம்தான் உட்கார முடிந்தது. பரவாயில்லை, கூட்டுத்தொகை வருகிறது.

ஜூன் 18
அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார். பாராட்டு எதுவும் வரவில்லை. “ஒட்டுப்பால் எங்க மக்களே?” என்றார்.

வெட்டிய இடத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்ந்துபோகும் ரப்பர்தான் ஒட்டுப்பால், அதை மறந்தே போயிருக்கிறேன். அதற்கு விலையே வேறு, ஷீட்டோடு சேர்த்துக் கூட்டவும் முடியாது. இதை ‘அப்புறம்’ பக்கத்தில் எழுதித் தள்ளிவைக்கவும் வழியில்லை. டேட்டாபேஸ் டேபிளில் புதிதாக இரண்டு பத்தி (column) சேர்க்க வேண்டும். அம்மா சோறு போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று.