வீட்டுக்கே வரும் நர்ஸ்

வலி தணிப்புச் சிகிச்சை என்றால் சாகப்போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படியில்லை; கடும் நோயால் அவதிப்படுகிற யாருக்கும் வலியையும் மற்ற தொல்லைகளையும் குறைக்கத் தரும் சிகிச்சை இது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவை. கிடைப்பதோ ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குத்தான்.

அவர்களில் சிலரின் வீடு தேடிப் போகிற நர்ஸ் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறார். ஆஸ்பத்திரி என்றால் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்கும். வீட்டில் கட்டில்கூடத் தாழ்வாக இருக்கும்; படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். நோயாளியைப் புரட்டிப் போட உதவிக்கு வருவது, பல இரவுகள் தூங்காத மகள்.

அதைவிடக் கஷ்டம் வாசலிலேயே காத்திருக்கும். "அப்பாவுக்குப் புற்றுநோய்னு தெரியாது, சொல்லிடாதீங்க சிஸ்டர்." உள்ளே போனால் அப்பா நேராகவே கேட்பார்: "எனக்கு என்னம்மா?" பொய்யும் சொல்லக்கூடாது, குடும்பத்தையும் பகைத்துக்கொள்ளக்கூடாது. இதற்குப் பயிற்சி வகுப்பு மட்டும் போதாது.

அப்புறம், கடும் வலியைக் குறைக்கத் தரும் மார்ஃபின். அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து, சொன்ன அளவில் பாதியைக் கொடுக்கும் வீடுகள் உண்டு. பல நாடுகளில் டாக்டர் எழுதித் தராமல் அந்த மருந்தே கிடைக்காது. வலியோ டாக்டருக்காகக் காத்திருக்காது. உகாண்டாவில் 2004-லேயே சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் மார்ஃபின் எழுதித்தர சட்டம் அனுமதித்துவிட்டது. பணக்கார நாடு ஒன்றுமில்லை அது. மற்றவர்களுக்கு என்ன தயக்கம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.