வைத்தம் காட்டில் பட்டாணிக்குருவிகளோடு ஒரு காலை

டாக்சிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. ஆக்ஸ்போர்டில் 40 நிமிடம் காத்திருந்தும் பேருந்து வரவில்லை. வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடுமே என்று பதறி ஒரு டாக்சியில் ஏறினேன். ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் வைத்தம் காட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போய், என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசைக் கறந்துவிட்டார். நீங்கள் சைக்கிளில் போங்கள். காடு பல்கலைக்கழகத்துடையது, அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

சரி, குருவிக்கு வருவோம். இங்கே 1947 முதல் பட்டாணிக்குருவிகளின் கூடுகளைக் கணக்கெடுக்கிறார்கள். மரத்துக்கு மரம் எண் போட்ட கூட்டுப் பெட்டிகள். மே மாதம் நடுவில் போனேன். பாதையோரம் நின்று ஒரு பெட்டியை மட்டும் பார்த்தேன்: பத்து நிமிடத்தில் ஏழு முறை ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பச்சைப் புழுவோடு வந்தன!

ஓக் மரம் தளிர்விட்டபின் சில வாரம்தான் இந்தப் புழு மலிந்திருக்கும். குஞ்சுகள் அகோரமாகத் தின்னும் நாட்கள் அதற்குள் விழ வேண்டும். ஆனால் முட்டையிடுவது ஏப்ரலில், அப்போது புழு இன்னும் மலியவில்லை. பிறகு குருவிக்கு எப்படித் தெரிகிறது? பகலின் நீளம்தான். டிசம்பரில் இங்கே பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அது நீள நீள, குளிர்காலத்தில் சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்புகள் நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கின்றன. அதிசயம் என்னவென்றால், இந்த வெளிச்சத்தை உணர்வது கண் அல்ல. மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியை மூளையே நேராக உணர்கிறது. 1920களில் கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர், உறைபனிக் குளிரில் ஜுன்கோ குருவிகளுக்கு விளக்கு போட்டுப் பகலை நீட்டினார். நடுக்குளிர்காலத்திலேயே அவற்றின் விந்தகங்கள் வளர்ந்துவிட்டன.

பகல் தயார்ப்படுத்தும், எந்த வாரம் முட்டை என்பதை வசந்தத்தின் வெப்பம் முடிவு செய்யும். 1960களோடு ஒப்பிட்டால் வைத்தம் குருவிகள் இப்போது ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே முட்டையிடுகின்றன. பகலின் நீளம் மாறவில்லை, வசந்தம்தான் முந்திவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துவிட்டது.

அப்புறம், விடுமுறை மலிவாகக் கிடைக்கிறதென்று ஜூன் கடைசியில் டிக்கெட் போடாதீர்கள். பகல் அப்போதுதான் மிக நீளம், ஆனால் நீண்ட பகலுக்குப் பழகிப்போன உடம்பு அதற்கு மசியாமல் போய் உறுப்புகள் மறுபடி சுருங்கிவிடும். பெட்டிகள் காலியாகக் கிடக்கும்.

திரும்பும்போது டாக்சியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நடந்தே வந்தேன்.