பான்கேக் சொல்லிக்கொடுத்த கால்கரி

ஜூலை மாதத்தில் பத்து நாள், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் கால்கரியில் காலையில் பசியோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும். எங்காவது ஒரு கார் நிறுத்துமிடத்தில் யாராவது பான்கேக் சுட்டுத் தட்டில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். காசு வாங்க மாட்டார்கள். வணிக வளாகம், தேவாலயம், பள்ளிவாசல், குருத்வாரா, வங்கிக் கிளை, குடியிருப்புச் சங்கம் என்று ஆளாளுக்கு ஒரு காலை விருந்து வைப்பார்கள். உட்கார வைக்கோல் கட்டுகள். ஒரு மூலையில் கிடார். சுடுகிறவர், பரிமாறுகிறவர், வரிசையில் நிற்பவர் எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி.

இது ஸ்டாம்பீட் திருவிழாவின் காலம். மாடு மேய்ப்பவர்களின் வீர விளையாட்டுகளுக்காக 1912இல் தொடங்கிய விழா. மாடு மேய்ப்பவர்களுக்குச் சமைத்துப்போடக் கூடவே போகும் குதிரை வண்டிதான் சமையல் வண்டி. 1923இல் அந்த வண்டிகளின் பந்தயமும் விழாவில் சேர்ந்தது. அதே ஆண்டு பந்தயத்துக்கு வந்த ஜாக் மார்ட்டன் என்ற வண்டிக்காரர், நகரத்தின் நடுவே வண்டியை நிறுத்தி அடுப்பை மூட்டி, தெருவில் போகிறவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார் என்று இங்கே சொல்வார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஒரு ஊர் தன்னை எப்படி நினைத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது யாரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது என்று பார்த்தால் தெரியும். கால்கரி தெருவில் போகிற எல்லாரையும் கூப்பிடுகிறது. எனக்கு இந்த ஊரை முதலில் பிடித்துப்போனது அதனால்தான்.

நாங்கள் வந்து இறங்கியது இலையுதிர் காலத்தின் கடைசியில். அப்புறம் நீண்ட குளிர்காலம். இங்கே குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் முகமே தெரியாது. கராஜ் கதவு மேலே போகும், கார் வெளியே வரும், கதவு கீழே இறங்கும். மாதக்கணக்கில் அதுதான் தெருவோடு நமக்குள்ள உறவு. தூத்துக்குடியில் வாசலில் கோலம் போடும் நேரத்தில் நாலு வீட்டு நியாயம் பேசி வளர்ந்தவளுக்கு அந்த மௌனம் பழகவே இல்லை. ஜூலை வந்து, எங்கள் பகுதிச் சங்கக் கூடத்தின் வாசலில் பான்கேக் வரிசையில் நின்றபோதுதான் முதல்முறையாக ஒருவர் திரும்பி, எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்டார். வெளுத்த நீலக்கதவு வீடு என்றேன். உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள், கொல்லையில் நிற்கும் ஆப்பிள் மரத்தை யார் வைத்தார்கள் என்று கதையே சொன்னார்.

அந்த வரிசையின் மறுபக்கத்தில், பான்கேக் சுடும் கல்லுக்குப் பின்னால் நின்றிருந்த முதியவர் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. சாஸ்காட்சுவான் மாகாணத்தில் கோதுமை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சங்கக் கூடத்தில் வாங்குவது மூட்டையில் வரும் கலவை மாவு, தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் தீர்ந்தது, ஆனால் அதை வைத்து பான்கேக்கை எடை போட்டுவிடாதே, வீட்டுக்கு வா, சொல்லித்தருகிறேன் என்றார். போனேன். பான்கேக் கற்கப் போனவள் கோதுமை, காற்று, மலை என்று இந்த ஊரைப் பற்றியே கற்றுக்கொண்டு வந்தேன்.

முதலில் மாவு. கனடாவில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் வெள்ளை மாவு, இந்தப் புல்வெளி மாகாணங்களில் விளையும் கடினக் கோதுமையிலிருந்து வருவது. புரதம் 13 சதவீதம் வரை இருக்கும். ஈரம் பட்டுப் பிசையப் பிசைய அந்தப் புரதம் இழையாக இறுகும். ரொட்டிக்கு அது வரம், பான்கேக்குக்கு ஆகாது. பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து இழுவை வரவழைக்கிறோமே, இங்கே அதற்கு நேர் எதிரான வேலை. மாவில் ஈரப்பொருளை ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாகப் புரட்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் அப்படியே கிடக்கட்டும். நம் கைக்கு அதுதான் மிகக் கடினம், கட்டி கண்ணில் பட்டால் கரைக்காமல் விட மனம் வராது. ஆனால் பத்து நிமிடம் மூடி வைத்தால் அந்தக் கட்டிகள் தாமே ஊறிவிடும், இறுகிய புரதமும் கொஞ்சம் தளரும்.

அடுத்தது உயரம். கால்கரி பார்வைக்கு மலையூர் இல்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,045 மீட்டர் மேலே இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஏலகிரி உயரம். மேற்கே ராக்கி மலைகள் தெரியாத நாளில் மேட்டில் நிற்கிறோம் என்ற நினைப்பே வராது. தண்ணீர் 97 டிகிரிக்குள் கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமானபோது நான் பருப்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயுக் குமிழிகள் சீக்கிரம் பெரிதாகும், மாவு வெந்து இறுகும் முன்பே வெடித்துவிடும். அப்புறம் பான்கேக் உப்பிவிட்டு அமுங்கிப்போகும். அதனால் புத்தகத்தில் எழுதியிருப்பதைவிட பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும். மிருதுவாக வர வேண்டுமென்று கூடுதலாகப் போட்டால் இங்கே நடப்பது தலைகீழ்.

மூன்றாவது வறண்ட காற்று. இந்த ஊரில் உதடும் வெடிக்கும், அலமாரியில் இருக்கும் மாவும் காய்ந்துபோகும். காய்ந்த மாவு அதிக ஈரம் குடிக்கும். ஆகவே பட்டர்மில்க் இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்தே ஊற்ற வேண்டும்.

அளவு இதுதான். இரண்டு கப் மாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் (கடலோர ஊரில் இரண்டு போடலாம்), அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. இவற்றை ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு கப் பட்டர்மில்க், இரண்டு முட்டை, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூன். பட்டர்மில்க் என்று இங்கே அட்டைப் பெட்டியில் வருவது நம் நீர்மோர் இல்லை. கெட்டியாக, நல்ல புளிப்போடு இருக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கப் பட்டர்மில்க்குக்கும் முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளலாம், எந்தக் குறையும் வராது. புளிப்பு முக்கியம், அதுதான் சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்குகிறது.

கல் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் துளி துள்ளி ஓட வேண்டும், சீறிப் புகையக் கூடாது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு தோசைக்கல்லில்தான் சுடுகிறேன், எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு. மாவை ஊற்றிய இடத்திலேயே விட்டுவிட வேண்டும், கரண்டியால் தேய்த்துப் பரப்பக் கூடாது. மேலே குமிழ் வந்து உடைந்து, உடைந்த துளை மூடாமல் நின்றால், ஓரம் பளபளப்பு இழந்து மங்கினால், திருப்பலாம். ஒரே ஒரு முறைதான். திருப்பியபின் தோசைத்திருப்பியால் அழுத்துவதை அந்த முதியவர் கண்டிப்பாகத் தடுத்தார். உள்ளே இருக்கிற காற்றுக்காகத்தானே இத்தனை பாடும் என்றார்.

மேலே ஊற்றும் பாகு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. விருந்துகளில் பெரும்பாலும் தருவது சோளப் பாகில் வாசனை சேர்த்தது. உண்மையான மேப்பிள் சிரப்பின் புட்டியில் ஒரே ஒரு பொருளின் பெயர்தான் எழுதியிருக்கும். அது ஆல்பர்ட்டாவில் எடுப்பதில்லை, பெரும்பாலும் கியூபெக்கிலிருந்து வருகிறது. இளவேனில் தொடக்கத்தில், இரவு உறைந்து பகல் உருகும் நாட்களில் மரத்தில் துளையிட்டு வடிப்பார்கள். சுமார் நாற்பது லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் ஊர்க்காரிக்கு அந்த உழைப்பு புரியும், அதனால் விலையைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றுவதில்லை. இந்த மண்ணுக்கே உரியது வேண்டுமென்றால் சாஸ்கட்டூன் பழம். கருநீலமாக, ஜூலையில் பழுக்கும். இங்கத்திய பூர்வகுடி மக்கள் உலர்த்திய இறைச்சியோடும் கொழுப்போடும் இடித்துச் சேமித்த பழம் இது. கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு பான்கேக் மேல் ஊற்றினால் என் மகள் சிரப்பைக் கேட்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய சமையல் வண்டிக்காரர்கள் பேக்கிங் பவுடரை மட்டும் நம்பி இருக்கவில்லை. புளித்த மாவை ஒரு சிறு பீப்பாயில் கூடவே வைத்திருப்பார்கள். குளிர் இரவில் அது செத்துவிடாமலிருக்கத் தங்கள் படுக்கைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்களாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே மைனஸ் இருபத்தைந்து இருக்கும்போது இட்லி மாவை ஓவன் அடுப்புக்குள் வைத்து, விளக்கை மட்டும் எரியவிட்டுக் காத்திருக்கும் எங்கள் கவலையை, இந்தப் புல்வெளியில் எனக்கு முன்பே எத்தனையோ பேர் பட்டிருக்கிறார்கள்.

இப்போது ஜூலையில் நானும் கல்லுக்குப் பின்னால் நிற்கிறேன். வரிசையில் தட்டு வாங்குவதைவிட அங்கே நிற்பது எவ்வளவோ மேல். எல்லார் பெயரும் தெரிகிறது, என் பெயரையும் சரியாகவே சொல்கிறார்கள். மூட்டைக் கலவையில் முட்டைத் தூள் இருப்பதால் எங்கள் பகுதியின் குஜராத்திக் குடும்பங்கள் பழத்துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். முட்டை ஒவ்வாத ஒரு குழந்தையும் உண்டு. சங்கத்தில் பேசி, முட்டையில்லாத மாவுக்குத் தனிக் கல், தனிக் கரண்டி, தனி மேசை வாங்கிக்கொண்டேன். முட்டைக்குப் பதில் கால் கப் பட்டர்மில்க் கூடுதல், ஒரு டீஸ்பூன் வினிகர், மற்றதெல்லாம் அதே அளவு. உலர்ந்த பொருள்களை முந்தைய இரவே அளந்து, ஒரு ஈட்டுக்கு ஒரு பை என்று கட்டி வைத்துவிடுவேன். பட்டர்மில்க்கை மட்டும் அங்கே போய்த்தான் ஊற்றுவது. புளிப்பு பட்டவுடன் சோடா பொங்கத் தொடங்கிவிடும், கலந்த மாவை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. அதனால் வரிசையின் நீளத்தை எட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த பையைப் பிரிப்பேன்.