ஒருவழியாக லெவின் வந்துவிட்டது

நேற்றிலிருந்து ஹட்டனில் என் பெயரில் ஒரு கார் நிற்கிறது. 1996 டொயோட்டா லெவின், இரண்டு கதவு, 1.5 லீட்டர், மேனுவல் கியர். சின்ன வயதில் அப்பா நுவரெலியாவுக்கு மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போன நாளில் வந்த ஆசை இது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய காருக்கும் விலை ஏறிக்கொண்டே போனது, 2025இல் திறந்தார்கள், ஆனால் வரியைப் பார்த்தால் புதியது நமக்கில்லை. லீசிங் எடுக்க மனமில்லை, கையில் இருந்தது சீட்டுப் பணமும் அக்கா கொடுத்த கைமாற்றும்தான். மூன்று காரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்தேன். ஒன்று பெயின்ட் அவ்வளவு பளபளப்பு, காந்தத்தை வைத்தால் பின் சக்கரத்துக்கு மேலே ஒட்டவேயில்லை, உள்ளே தகரமே இல்லை, முழுக்க நசுங்கலை அடைக்கும் புட்டிப் பசை!

இந்த லெவினை விடியற்காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், புகை இல்லை. அப்புறம் கினிகத்தேனை ஏற்றத்தில் கராஜ் அண்ணனோடு ஓட்டினேன், சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. சேசிஸ் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு சரி. கதவடியில் துரு இருக்கிறது, ஷொக் அப்சோர்பர் போய்விட்டது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியாது, அதனால் அதையும் வாட்டர் பம்பையும்தான் முதலில் மாற்றுகிறோம்.

சனிக்கிழமை கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன். லெவின் முன் பம்பர் நல்லதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.